மரத்துக்கு வழக்குரைஞர் உண்டு, மாண்டவருக்கு இல்லை

2015 ஏப்ரல் 7, விடியற்காலை. திருமலைக்கு நடந்தே ஏறும் பக்தர்கள் செல்லும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதைக்கு அப்பால், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரி மண்டலத்தில், சேஷாசலக் காட்டுக்குள் இரண்டு இடங்களில் துப்பாக்கிகள் வெடித்தன. ஓரிடத்தில் 9 பேர், மற்றோரிடத்தில் 11 பேர், ஆக 20 தமிழகத் தொழிலாளர்கள் பிணமாயினர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த அவர்களில் பலர் மலையாளி பழங்குடியினர். எஞ்சியோரும் அன்றாடக் கூலி உழைப்பாளிகளே. சுட்டது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லும் கோடரியுமாகத் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகவே சுட நேர்ந்தது என்பது அப்படையின் கூற்று. படைத் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முந்தைய நாளே தம் கூட்டாளிகள் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று, தப்பிப் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சென்று சொன்னார்கள்.

இந்தச் செய்திகள் தோழர்கள் அறியாதவை அல்ல. அன்று தமிழகமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆந்திர இடதுசாரிகளும் மனித உரிமை அமைப்பினரும் அங்கேயே கண்டனக் குரல் எழுப்பினர். பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இதற்கான காரணங்களைப் பேசுவோர் பெரும்பாலும் காவல்துறையைப் பற்றியே பேசுகின்றனர். அதற்கு அடுத்த படியில் நிற்கும் ஒருவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்தான் அரசு வழக்குரைஞர்.

இந்தியச் சட்டத்தில் குற்றம் என்பது அரசுக்கு எதிரானது. கொலையுண்டவரின் மனைவியோ தாயோ வழக்கின் தரப்பினர் ஆகமாட்டார்கள். அவர்கள் சாட்சிகள் மட்டுமே. அமர்வு நீதிமன்றத்தில் நடக்கும் ஒவ்வொரு விசாரணையையும் அரசு வழக்குரைஞரே நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 225ஆம் பிரிவு விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அந்த ஏற்பாட்டை அப்படியே வைத்திருக்கிறது. அண்டை வீட்டான் கொன்றால் இந்த ஏற்பாடு ஓரளவு வேலை செய்யும். பணமில்லாத குடும்பத்துக்கும் அரசு செலவில் ஒரு வழக்குரைஞர் கிடைக்கிறார் என்பது சிறிய விஷயமும் அல்ல. கொன்றது அரசின் துப்பாக்கியே என்றால் என்ன ஆகும்? கொன்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அரசே, கொல்லப்பட்டவர்களுக்காக வாதிடுபவரையும் நியமிக்கிறது. ஒரே கருவூலத்திலிருந்து இருவருக்கும் பணம் போகிறது.

இந்தப் பதவியின் பெயரிலேயே ஒரு திருகல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவர் 'பப்ளிக்' பிராசிக்யூட்டர்; பொதுமக்களின் சார்பில் குற்றஞ்சாட்டுபவர். தமிழுக்கு வரும்போது 'பொது' உதிர்ந்து 'அரசு' ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் அரசாங்கத்துக்குப் 'பிரபுத்வம்' என்று பெயர். அரசு வழக்குரைஞர் அங்கே 'பிரபுத்வ நியாயவாதி'. நிலப்பிரபுத்துவத்தை எதிர்த்துப் பழகிய தமிழ்த் தோழரின் காதில் அது பிரபுக்களின் வழக்கறிஞர் என்றே விழும். மொழியியலார் இதைத் தற்செயல் என்பார்கள். சந்திரகிரி வழக்கைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வழக்கில் நடந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு முதலில் பதிவான வழக்குகள் இறந்தவர்கள்மீதும் தப்பியவர்கள்மீதுமே இருந்தன. கொலை வழக்கு தானாகப் பதிவாகவில்லை. ஆந்திர மனித உரிமை அமைப்பினர் ஹைதராபாத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். ஏன் கொலை வழக்குப் பதிவு செய்யவில்லை என்று நீதிமன்றம் கேட்டது. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து கைம்பெண் ஒருவர் மொழி தெரியாத சந்திரகிரிக் காவல் நிலையத்துக்கே சென்று புகார் கொடுத்தார். அதன் பிறகே கொலைப் பிரிவின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. உடல்களை மீண்டும் ஆய்வு செய்யவும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இத்தனையும் நடந்தபோது ஆந்திர அரசின் வழக்குரைஞர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? படை சொன்ன தற்காப்புக் கதையையே அவர்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். விசாரணைக்கென அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அதே மாநிலத்தின் காவல்துறையினரைக் கொண்டதே.

அடுத்து நடந்ததுதான் மிகவும் கசப்பானது. தேசிய மனித உரிமை ஆணையம், கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் இடைக்கால நிவாரணமாக 5 லட்சம் ரூபாய் வழங்கவும், மத்தியப் புலனாய்வுக் கழக விசாரணைக்கும் பரிந்துரைத்தது. சந்திரபாபு நாயுடு அரசு உயர்நீதிமன்றம் சென்று அந்த ஆணைக்குத் தடை வாங்கியது. இருபது குடும்பங்களுக்கு மொத்தமாகவே ஒரு கோடி ரூபாய். அதைத் தடுப்பதற்கு மக்கள் வரிப்பணத்தில் வழக்குரைஞர்களை நிறுத்தியது ஓர் அரசு. தமிழக அரசு தன் பங்காக 3 லட்சம் ரூபாய் கொடுத்தது. நம்பகமான விசாரணை வேண்டும் என்று அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் கடிதம் எழுதினார். கடிதம் எழுதுவது ஒன்று. அண்டை மாநில நீதிமன்றத்தில் அந்தக் குடும்பங்களுக்காக முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரு வழக்குரைஞரை நிறுத்திவைப்பது வேறு.

அரசின் வாதத்துக்கு ஒரு சட்ட மறைப்பும் இருந்தது. காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் காவல்துறையே ஒப்புக்கொள்ளும்போது, அதைக் குற்றமாகப் பதிவு செய்தே ஆகவேண்டும், தற்காப்பு என்பதை விசாரணையில்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று ஆந்திர உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2009 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பளித்திருந்தது. இந்தியாவில் வேறு எந்த உயர்நீதிமன்றமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை எனலாம். காவல் அதிகாரிகள் சங்கம் மேல்முறையீடு செய்தது. சில வாரங்களிலேயே உச்சநீதிமன்றம் தடை விதித்தது. சேஷாசலத்தில் துப்பாக்கி வெடித்தபோது அந்தத் தடைக்கு வயது ஆறு.

ஆயினும் 2014 செப்டம்பர் 23 அன்று மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்துவிட்டது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம். வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை வேண்டும். இவை மீறப்பட்டால் இறந்தவரின் குடும்பம் அப்பகுதி அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம் என்பது கடைசி நெறிமுறை. சேஷாசல வழக்கில் அந்த அமர்வு நீதிபதி இருப்பது சித்தூரில். ஜவ்வாது மலையின் ஒரு குக்கிராமத்திலிருந்து இறங்கி, வேலூர் கடந்து, சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் அந்தப் பெண் நின்றால், அவர் எதிரே அரசுத் தரப்பில் எழுபவர் யார்? அரசு வழக்குரைஞர்தான். 'பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர்' என்று பாடநூல்களில் எழுதப்பட்டிருப்பவர், அவருடைய மனுவுக்கே எதிர்வாதியின் நாற்காலியில் அமர்வார்.

அந்த நாற்காலிக்கு ஆள் எப்படி வருகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து ஒரு பட்டியல் தயாரிக்கிறார். அதிலிருந்து மாநில அரசு தேர்ந்தெடுக்கிறது. ஏழாண்டுத் தொழில் அனுபவம் போதும். நடைமுறையில் ஆளுங்கட்சி மாறினால் அரசு வழக்குரைஞர்களும் மாறுவது சென்னையிலும் வழக்கம், அமராவதியிலும் வழக்கம். கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் வெகுமதியாக இருக்கும் ஒரு பதவி, கட்சித் தலைமையின் காவல்துறையை எதிர்த்து வழக்கு நடத்தும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரு கதவைத் திறந்ததாகச் சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்கு முதன்முறையாகச் சட்டத்தில் பொருள் வரையறுக்கப்பட்டது. அவர் தனக்கென ஒரு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்யலாம் என்றும் விதிகள் வந்தன. கதவின் மறுபக்கம் பூட்டு தொங்கியது. அந்த வழக்குரைஞர் அரசு வழக்குரைஞருக்கு 'உதவ' மட்டுமே முடியும். 2019 நவம்பரில் ரேகா முரார்கா வழக்கில் உச்சநீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது: பாதிக்கப்பட்டவரின் வழக்குரைஞர் வாய்மொழியாக வாதிடவோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவோ உரிமை இல்லை, தமக்குத் தோன்றுவதை அரசு வழக்குரைஞரிடம் சொல்லலாம், எழுத்து மூலமான வாதங்களைக் கொடுக்கலாம். காரணம் பழையது. அரசு வழக்குரைஞர் நடுநிலையானவர், பழிவாங்கும் தாகம் அற்றவர், தனியார் வழக்குரைஞர் நுழைந்தால் அந்த நடுநிலை கெடும் என்பது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு கூலித் தொழிலாளியாக இருக்கும்போது இந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதை இடதுசாரிகள் கைவிடவும் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் காவல் அதிகாரியாக இருக்கும்போது அந்த நடுநிலை எங்கே போகிறது என்பதற்கு நீதிமன்றங்களே சான்று தந்துள்ளன. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் அரசு வழக்குரைஞர் எதிர்த்தரப்பு வழக்குரைஞரைப் போல நடந்துகொண்டார் என்ற பொருளில் 2004இல் உச்சநீதிமன்றமே எழுதியது. வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. புதிய அரசு வழக்குரைஞரை நியமிக்கும்போது பாதிக்கப்பட்டவர்கள் பெயரைப் பரிந்துரைக்கலாம் என்றும் சொன்னது. அதாவது வழி உண்டு; ஒரு பேரவலம் நாடு முழுதும் பேசப்பட்டால் அந்த வழி திறக்கிறது. இருபது விறகுவெட்டிகளுக்குத் திறக்கவில்லை.

திருப்பதியின் இரண்டு நீதிமன்றங்கள்

சேஷாசலக் காட்டிலேயே அதற்கு முன் நடந்த இன்னொரு கொலை வழக்கைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த விவாதம் முழுமை பெறாது. 2013 டிசம்பரில் அதே காட்டில் ஆந்திர வனத்துறையினர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் மேலதிகாரிகளின் ஆணையால் கடத்தல்காரர்களின் காட்டுக்குள் அனுப்பப்பட்ட அரசு ஊழியர்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. இந்தக் கொலைக்காக ஏறத்தாழ 300 தமிழகத் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையில் கிடந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

விடுதலையைத் தமிழகத்தில் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். அந்த இரு வன ஊழியர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்தது என்ன? யார் அடித்தார்கள், யார் ஏவினார்கள் என்று தேடாமல், பிடிபட்ட தமிழர் அத்தனை பேரையும் ஒரே வழக்கில் திணித்த காவல்துறையை, 'இப்படி ஒரு குற்றப்பத்திரிகை நிற்காது, உண்மையான கொலையாளியைக் கொண்டு வா' என்று திருப்பி அனுப்பும் கடமை அரசுத் தரப்புக்கு இருந்தது. அந்தக் கடமையை அது நிறைவேற்றவில்லை. முந்நூறு அப்பாவிகளின் இரண்டாண்டு வாழ்க்கை பறிபோயிற்று; இரு ஊழியர்களின் கொலைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அரசு வழக்குரைஞர் காவல்துறையின் வாயாக இருந்தால் குற்றஞ்சாட்டப்பட்ட ஏழை மட்டும் இழப்பதில்லை, பாதிக்கப்பட்ட ஏழையும் இழக்கிறார். மொழிவெறி பேசுவோர் இந்த இரண்டாவது குடும்பங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

மரத்தின் நிலை வேறு. செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சேஷாசலம், வெலிகொண்டா, நல்லமலைத் தொடர்களே அதன் தாயகம். கிழக்காசியச் சந்தையில் அதன் விலை, அதை வெட்டுபவனின் ஆயுள் கூலியைவிட அதிகம். அந்த மரத்தைக் காக்க 2016இல் ஆந்திர வனச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. செம்மர வழக்குகளை மட்டும் விசாரிக்க 2022இல் திருப்பதியில் தனி நீதிமன்றமே திறக்கப்பட்டது. அரசுத் தரப்பில் வாதிட வழக்குரைஞரும் அமர்த்தப்பட்டார். மரத்தைக் காப்பது தேவையானதே. அதைத் தோழர்கள் எவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில், அந்த மரத்தின் பெயரால் கொல்லப்பட்ட இருபது மனிதர்களுக்கென ஒரு சிறப்பு அரசு வழக்குரைஞர் இல்லை. ஆட்சி 2019இல் நாயுடுவிடமிருந்து ஜெகன்மோகனுக்கும் 2024இல் மீண்டும் நாயுடுவுக்கும் மாறியது. மரத்தின் மீதான அக்கறையில் இருவருக்கும் வேறுபாடில்லை, மாண்டவர் மீதான அலட்சியத்திலும் இல்லை. இடையில் 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழகத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்ததையும் இரு மாநிலங்களும் மறந்துவிட்டன.

எதிர்வாதங்கள் இரண்டு

முதல் வாதம் வலதுசாரிகளிடமிருந்து வருவது. பாதிக்கப்பட்டவரின் உரிமை என்றால் கடுமையான சட்டம், விரைவான தண்டனை, தேவைப்பட்டால் துப்பாக்கி என்பது அவர்களின் அகராதி. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவரான இளம்பெண்ணை வன்கொடுமை செய்து கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது, பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்துவிட்டது என்று பூக்கள் தூவப்பட்டன. உச்சநீதிமன்றம் அமைத்த சிர்பூர்க்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள் என்று கண்டு, பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரால் இப்படிச் சுட்டுப் பழகும் கை, அடுத்த முறை மலைவாழ் தொழிலாளியைச் சுடும். மலிமத் குழு 2003இல் பாதிக்கப்பட்டவருக்கு வழக்கில் பங்கு தர வேண்டும் என்று சொன்ன அதே அறிக்கையில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பாதுகாப்புகளைத் தளர்த்தவும் பரிந்துரைத்தது. இனிப்பில் கலந்த அந்த நஞ்சை அன்று இடதுசாரிகள் சரியாகவே அடையாளம் கண்டனர். ஐக்கிய நாடுகள் அவை 1985இல் ஏற்ற பிரகடனத்தின் தலைப்பு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு அதிகார முறைகேட்டால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தே சொல்கிறது. இந்திய ஆட்சியாளர்கள் அந்தத் தலைப்பின் முதல் பாதியை மட்டும் படித்தார்கள்.

இரண்டாவது வாதம் தோழர்கள் சிலரிடமிருந்தே வருகிறது. முதலாளித்துவ அரசின் நீதிமன்றத்தில் எந்த வழக்குரைஞர் நின்றால் என்ன, அரசு வழக்குரைஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பதெல்லாம் சட்டவாத மயக்கம், வீதிப் போராட்டமே தீர்வு என்கிறார்கள். சொல்வதற்கு எளிது. இருபது குடும்பங்களில் ஒன்றின் வாசலில் நின்று சொல்வது கடினம்.

வாச்சாத்தி இதற்கு விடை தந்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் சந்தனக் கடத்தலின் பெயரால் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நடத்திய வெறியாட்டத்தில் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அ.இ.அ.தி.மு.க. அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வீதியிலும் நீதிமன்றத்திலும் ஒருசேரப் போராடின. உயர்நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுக் கழகத்தின் கைக்குப் போயிற்று. அதாவது, குற்றஞ்சாட்டப்பட்ட மாநில அரசிடம் சம்பளமும் அறிவுரையும் பெறாத வழக்குரைஞரின் கைக்குப் போயிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீதிப் போராட்டம் இல்லாமல் அந்த வழக்கு உயிர் பிழைத்திருக்காது. வழக்கு கைமாறியிராவிட்டால் வீதிப் போராட்டம் ஆண்டுதோறும் நினைவஞ்சலி செலுத்துவதோடு நின்றிருக்கும்.

ஆந்திர மண்ணிலேயே சுண்டூர் இருக்கிறது. 1991 ஆகஸ்ட் 6 அன்று குண்டூர் மாவட்டத்தின் அவ்வூரில் எட்டுத் தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மக்கள் கேட்டபடி கிராமத்திலேயே சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. மக்கள் கேட்ட வழக்குரைஞரே சிறப்பு அரசு வழக்குரைஞரானார். 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2014 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. நல்ல அரசு வழக்குரைஞர் கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு இந்த இரண்டாம் பாதி பாடம். யார் வந்தாலும் ஒன்றுதான் என்போருக்கு முதல் பாதி பாடம். தமிழகத்தில் கோகுல்ராஜ் கொலை வழக்கும் அவ்வாறே. மகனை இழந்த தாய் நீதிமன்றம் ஏறி வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றினார். தாம் நம்பும் வழக்குரைஞரைச் சிறப்பு அரசு வழக்குரைஞராகப் பெற்றார். 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர்.

அந்தத் தாய்க்குத் துணைநின்றது தீண்டாமை வன்கொடுமைகளுக்கு எதிரான சட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5)ஆம் விதி, பாதிக்கப்பட்டவர்கள் விரும்பினால் புகழ்பெற்ற மூத்த வழக்குரைஞர் ஒருவரை அரசு செலவில் அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பும் பேசும் உரிமையும் தருகிறது. சேஷாசலத்தில் மாண்டவர்களில் பலர் பழங்குடியினர் என்பதால் இந்தக் கதவைத் தட்டலாம் என்றால், அங்கேயும் ஒரு மாநில எல்லை குறுக்கிடுகிறது. மலையாளிகள் தமிழகத்தின் சில பழைய மாவட்டங்களில்தான் பட்டியல் பழங்குடிகள். ஆந்திரப் பட்டியலில் அவர்கள் இல்லை. சித்தேரியில் பழங்குடி, சந்திரகிரியில் கடத்தல்காரன். இச்சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் கூறியிருப்பது ஒரு பிடிமானம். அதை ஆந்திர நீதிமன்றங்களில் எழுப்ப யாரேனும் முன்வர வேண்டும்.

வெளிநாடுகளில் சிலவற்றில் இந்தச் சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்பட்டுள்ளது. ஜெர்மனியில் கொலையுண்டவரின் குடும்பத்தினர் இணை வாதிகளாக வழக்கில் சேரலாம். அவர்களின் வழக்குரைஞர் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், சான்று கோரலாம். புலம்பெயர்ந்தோரைக் குறிவைத்துக் கொன்ற நவநாஜிக் குழுவின் மீது மூனிக் நகரில் 2013 முதல் 2018 வரை நடந்த வழக்கில், உளவுத்துறையின் பங்கைப் பற்றி அரசுத் தரப்பு கேட்கத் தயங்கிய கேள்விகளைக் குடும்பங்களின் வழக்குரைஞர்களே கேட்டனர். அந்த நாட்டில் சோசலிசம் மலர்ந்துவிடவில்லை. கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. அரசுப் பணியாளரே குற்றஞ்சாட்டப்படும் ஒவ்வொரு கொலை வழக்கிலும் அரசு வழக்குரைஞரை நியமிக்கும் அதிகாரம் அந்த அரசிடமிருந்து நீங்கி, குடும்பத்தின் விருப்பம் கேட்டு உயர்நீதிமன்றத்தால் செய்யப்பட வேண்டும். குடும்பத்தின் வழக்குரைஞருக்கு வாதிடும் உரிமையும் குறுக்கு விசாரணை உரிமையும் வேண்டும். லக்கிம்பூர் கேரி விவசாயிகள் கொலை வழக்கில், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டியவர் என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொன்னதற்கு அதுவே பொருளாக இருக்க முடியும். புதிய சட்டத்தின் 360ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வழக்கைத் திரும்பப் பெறக்கூடாது என்கிறது. திரும்பப் பெறும் நாளில் மட்டும் கேட்கப்படும் ஒருவர், நடத்தும் நாட்களில் கேட்கப்படாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு சிறு விஷயமும் உண்டு. சிறியது போலத் தோன்றுவது. காவல்துறை ஒரு வழக்கை முடித்துவைக்க அறிக்கை கொடுத்தால், புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி அவரைக் கேட்ட பிறகே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்று 1985இலேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. அந்த அறிவிப்பு எந்த மொழியில் வரும்? தெலுங்கில். ஜவ்வாது மலையில் அதைப் படிப்பவர் யார்? தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கும் குடும்பத்தின் கையில் தெலுங்குத் தாள் ஒன்று, பதில் சொல்லக் கெடுவோடு. குறிப்பிட்ட நாளில் யாரும் வரவில்லை என்று நீதிமன்றக் குறிப்பேட்டில் எழுதப்படும். அவ்வளவில் அந்த உரிமை முடிந்துபோகும். மொழிபெயர்ப்பு அரசுத் தரப்பின் கடமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சித்தூர், நகரி, புத்தூர் வட்டாரங்களில் தமிழ் பேசுவோர் இன்றும் ஏராளம். இரு மொழியும் தெரிந்த வழக்குரைஞர்களுக்கும் சித்தூர் நீதிமன்றத்தில் பஞ்சமில்லை. குடும்பங்களின் சார்பில் அவர்களில் ஒருவரை நிறுத்தும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை என்பதே பஞ்சம்.

தமிழக அரசு நினைத்தால் அதை ஒரே ஆணையில் செய்யலாம். அரசு செய்யாதபோது இரு மாநிலக் கட்சிக் குழுக்களும், வழக்குரைஞர் சங்கமும், மலைவாழ் மக்கள் சங்கமும் கூடி அதைச் செய்ய முடியும். மாண்டவர்களின் குடும்பங்களை ஊர் ஊராகச் சென்று சந்திப்பது, அவர்களிடம் வந்த தாள்களைத் திரட்டுவது, தமிழாக்கித் தருவது, நெறிமுறை மீறல் குறித்துச் சித்தூர் அமர்வு நீதிபதியிடம் குடும்பத்தின் பெயரால் மனு எழுதுவது. இருபது குடும்பங்கள், மூன்று மாவட்டங்கள். கொலைக் குற்றத்துக்குச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது.